பி.சி.பி. வரைய எந்த மென்பொருள்? கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு

அக்கா மகன் போன மாதம் திருப்பத்தூரிலிருந்து பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். டிப்ளமோ முடித்தவன். பையைத் திறந்து ஒரு பெர்ஃப் போர்டை (பாகங்களைக் குத்திக் கையால் இணைக்கும் துளைப் பலகை) எடுத்து வைத்தான், அதன் பின்பக்கம் முழுக்க ஒயர் சிக்கல். தரைக்கு அடியில் உள்ள சம்ப் தொட்டியில் தண்ணீர் இருந்து மேல்தொட்டி காலியாக இருந்தால் மோட்டாரைப் போடும், நிறைந்ததும் நிறுத்தும் கன்ட்ரோலர் அது. எங்கள் பக்கம் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். சில வாரம் நடு ராத்திரியில் வரும். மோட்டார் போடுவதற்காகவே அலாரம் வைத்து எழுந்திருக்கிறவர்கள் எங்கள் தெருவில் உண்டு. நாலு வீட்டுக்காரர்கள் இவனிடம் கேட்டும் விட்டார்களாம்.

"சித்தி, இதைப் பி.சி.பி.யாப் போடணும். எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? ரொம்பக் காசு இல்ல."

பி.சி.பி. என்றால் ஒயருக்குப் பதில் செம்புக் கோடுகள் பதித்த பலகை. பாகமும் கோடும் அதில் எங்கே வர வேண்டும் என்று வரைவதுதான் லேஅவுட். நான் 20 வருஷத்துக்கு மேலாக லேஅவுட் போடுகிறேன். முதலில் பீன்யாவில் ஒரு சின்ன யூனிட், அப்புறம் எலக்ட்ரானிக் சிட்டி, இப்போது எங்கள் வீட்டு மாடியறை. இந்தக் கேள்வியை வருஷத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். எல்லோரும் பெயரில் ஆரம்பிக்கிறார்கள், நான் போர்டில் ஆரம்பிப்பேன். "பெயர் அப்புறம். முதல்ல உன் போர்டுல எத்தனை கால் இருக்குன்னு எண்ணுடா" என்றேன்.

கால் என்றால் பாகத்திலிருந்து நீளும் உலோக முனை. எண்ணினான். 28 கால் மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று, 5 கால் ரிலே இரண்டு, 4 கால் பவர் மாட்யூல் ஒன்று, ஆப்டோகப்ளர் மூன்று, டிரான்சிஸ்டர் நாலு, ரெசிஸ்டர் இருபது, கெப்பாசிட்டர் பன்னிரண்டு, டயோடும் எல்.இ.டி.யும் சேர்த்து எட்டு, ஒரு கிரிஸ்டல், கனெக்டர்களில் இருபது கால். மொத்தம் 168. எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் அவன் வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் 100 மி.மீ.க்கு 90 மி.மீ. போர்டு உட்காரும். அதாவது 90 சதுர செ.மீ. இரண்டு லேயர் (செம்பு அடுக்கு) தாராளம். கூடவே 230 வோல்ட் உள்ளே வருகிறது, மோட்டார் ரிலே வழியாக ஓடுகிறது.

இந்த நாலு விஷயத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கால்களின் எண்ணிக்கை, பரப்பு, லேயர், மின்னழுத்தம். இலவசப் பதிப்புகள் வேலி போடுவது பெரும்பாலும் முதல் மூன்றில்தான். டிப்டிரேஸ் இலவசப் பதிப்பு 300 கால் வரை, இரண்டு சிக்னல் லேயர் வரை விடும். இவன் போர்டு அதில் அடங்கிவிடும். ஆட்டோடெஸ்க் ஃப்யூஷனின் தனிநபர் இலவசப் பதிப்பு இரண்டு லேயர், 80 சதுர செ.மீ. வரை. இவனுக்கு 10 சதுர செ.மீ. உதைக்கிறது. டப்பாவை மாற்றலாமே என்று கேட்டான். மாற்றலாம். ஆனால் அந்தப் பதிப்பை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. நாலு வீட்டுக்குச் செய்து காசு வாங்கினால் அது வியாபாரம்தான். 'இலவசம்' என்ற சொல்லைப் பார்த்ததும் இறக்கிவிடாமல், விற்பனைக்குச் செய்யலாமா என்பதை உரிமத்தில் தேடிப் படியுங்கள்.

திருட்டு நகலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவன் அடுத்து அதைத்தான் கேட்டான். பழைய காலத்தில் நான் வேலை பார்த்த ஒரு சின்ன இடத்தில் லட்சக்கணக்கில் விலையுள்ள மென்பொருளை கிராக் போட்டு ஓட்டினார்கள். ஒருநாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அன்று மதியமே எல்லா கம்ப்யூட்டரிலிருந்தும் அதை அழித்தார்கள். அழித்ததோடு மூன்று வருஷ வேலையைத் திறக்க ஆளில்லாமல் போனது. கோப்பு இருந்தது, சாவி இல்லை. அபராதத்தை முதலாளி கட்டினார். அந்த மூன்று வருஷ போர்டுகளைத் திரும்ப வரைந்தது நானும் இன்னொரு பெண்ணும்.

அதிலிருந்துதான் நான் ஒரு மென்பொருளைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி மாறியது. இன்றைக்கு விலை என்ன என்று நான் கேட்பதில்லை. காசு கட்டுவதை நிறுத்திய மறுநாள் என் கோப்பை நான் திறந்து, ஒரு டிராக்கை (செம்புக் கோட்டை) நகர்த்தி, மறுபடி கெர்பர் (போர்டு அடிப்பவருக்கு அனுப்பும் கோப்பு) எடுக்க முடியுமா என்றுதான் கேட்கிறேன். போர்டு வேலையில் வாடிக்கையாளர் இரண்டு வருஷம் கழித்து வருவார். "அந்த ரிலே இப்போ கிடைக்கலை மேடம், வேற போட்டுக் கொடுங்க" என்பார். அன்றைக்கு சந்தா உயிரோடு இல்லையென்றால், ஒரு ரிலேயை மாற்ற ஒரு மாதக் கட்டணம் கட்ட வேண்டும். எனக்கே ஒருமுறை அப்படி ஆனது. வேலைக்குக் கிடைத்த கூலியைவிடக் கட்டணம் அதிகம்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஈகிள். 1988-ல் ஜெர்மனியில் கேட்சாஃப்ட் என்ற நிறுவனம் கொண்டுவந்தது. ஒருமுறை வாங்கினால் போதும் என்பதால் சின்னக் கடைகளும் கல்லூரிகளும் அதை விரும்பின. 2016-ல் ஆட்டோடெஸ்க் கைக்குப் போனது, 2017-ல் சந்தா முறை வந்தது, 2023-ல் அறிவிப்பு வந்தது: 2026 ஜூன் 7-ஓடு தனி ஈகிள் முடிகிறது, இனி ஃப்யூஷனுக்குள்தான். ஃப்யூஷன் மோசமில்லை. டப்பாவையும் சேர்த்து முப்பரிமாணத்தில் வரைகிறவர்களுக்கு அது வசதிதான். ஆனால் நீங்கள் கற்றுக்கொண்ட ஒன்றை யாரோ எங்கோ உட்கார்ந்து மூடிவிட முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, இப்போது பெயர்களுக்கு வருகிறேன். பத்துப் பதினைந்து மென்பொருள் இருக்கின்றன, அவ்வளவும் பார்க்கத் தேவையில்லை. இரண்டை மட்டும் நிதானமாகப் பாருங்கள்: கீகேட், ஈஸி இ.டி.ஏ.

கீகேட் 1992-ல் பிரான்சின் கிரனோபிளில் ஜான்-பியர் ஷரா என்பவர் ஆரம்பித்தது. திறந்த மூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். பிறகு ஜெனீவாவில் அணுத்துகள் ஆய்வு செய்யும் செர்ன் நிறுவனம் ஆட்களையும் பணத்தையும் போட்டு வளர்த்தது. ஒரு டிராக்கை இழுக்கும்போது பக்கத்து டிராக்குகள் தானாக ஒதுங்கி வழிவிடும் வசதி அவர்கள் சேர்த்ததுதான். கீகேட்டில் பரப்புக்கு வரம்பில்லை, கால்களுக்கு வரம்பில்லை, 32 காப்பர் லேயர் வரை போகலாம், விற்பனைக்கும் செய்யலாம். மென்பொருள் திறந்த மூலம் என்பதால் உங்கள் போர்டையும் ஊருக்குத் திறந்து காட்ட வேண்டுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். வேண்டியதில்லை, போர்டு உங்களுடையது.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறொன்று. அதன் கோப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகள். நோட்பேடில் திறந்தால்கூட எந்த ரெசிஸ்டர் எங்கே இருக்கிறது என்று படிக்கலாம். 6-ஆம் பதிப்பிலிருந்து ஸ்கீமேட்டிக்கில் (சர்க்யூட் வரைபடத்தில்) போட்ட சிம்பல் (பாகத்தின் குறியீடு) அந்தக் கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது, ஃபுட்பிரிண்ட் (போர்டில் பாகத்தின் கால்கள் உட்காரும் அமைப்பு) போர்டு கோப்புக்குள் இருக்கிறது. லைப்ரரி (இவற்றின் தொகுப்பு) தொலைந்தாலும் வேலை தொலையாது.

குறையும் இருக்கிறது. வேறு சில மென்பொருளில் பாகத்தை எடுத்தாலே சிம்பலும் ஃபுட்பிரிண்டும் ஜோடியாக வரும். கீகேட்டில் ரெசிஸ்டரை எடுத்தால் அது வெறும் ரெசிஸ்டர், அதற்கு எந்த ஃபுட்பிரிண்ட் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் சாயந்திரம் இங்கேதான் எரிச்சலாகிறார்கள். அப்புறம், புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. நண்பரோடு சேர்ந்து வேலை செய்வதென்றால் இரண்டு பேரும் ஒரே பதிப்பில் இருங்கள். நிறுவும்போது முப்பரிமாண மாதிரிகள் ஹார்டு டிஸ்கில் பல ஜி.பி. பிடிக்கும், இடமில்லையென்றால் அதை மட்டும் விட்டுவிடலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆனால் இன்னும் விண்டோஸ் 7 வைத்திருக்கிறவர்களுக்குப் புதிய பதிப்புகள் கிடையாது.

ஈஸி இ.டி.ஏ. வேறு ஜாதி. சீனாவின் ஷென்ஜெனிலிருந்து வருகிறது, பிரவுசரிலேயே வரையலாம். போர்டு அடிக்கும் ஜே.எல்.சி.பி.சி.பி.யும் பாகம் விற்கும் எல்.சி.எஸ்.சி.யும் அதே குடும்பம். பாகத்தைத் தேடினால் அவர்கள் கடையில் இருப்பு உள்ள பாகமே ஃபுட்பிரிண்டோடு வந்து விழும், கடைசியில் ஒரு பட்டனை அழுத்தினால் ஆர்டர் போய்விடும். முதல் போர்டை ஒரு வாரத்துக்குள் பார்க்க வேண்டும் என்று துடிக்கிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. மென்பொருளுக்குக் காசில்லை, ஆர்டரில்தான் அவர்கள் சம்பாதிக்கிறார்கள்.

ஆனால் யோசியுங்கள். இவன் பாகங்களை வாங்கப் போவது எஸ்.பி. ரோட்டில். அங்கே கடைக்காரர் நீட்டுகிற ரிலேயும் திரையில் இருக்கும் ரிலேயும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று சட்டமில்லை. யாரோ பயனர் வரைந்து போட்ட ஃபுட்பிரிண்டுகளும் அதில் கலந்து கிடக்கும், அளந்து பார்க்காமல் எடுக்க வேண்டாம். சாதாரணமாகக் கோப்பு அவர்கள் சர்வரில் இருக்கும். நீங்கள் இறக்கி வைத்தால்தான் கையில் இருக்கும். கீகேட்டின் 8-ஆம் பதிப்பிலிருந்து ஈஸி இ.டி.ஏ. கோப்பை இறக்குமதி செய்யலாம், ஈகிள் கோப்புக்கு அந்த வசதி அதற்கு முன்பே இருக்கிறது. ஆகவே அங்கே ஆரம்பித்தாலும் வெளியே வர ஒரு கதவு உண்டு.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லிப்ரெபிசிபியும் திறந்த மூலம்தான், 2023-ல் 1.0 வந்தது. சுத்தமாக இருக்கிறது, கற்பதும் எளிது, லைப்ரரிதான் சின்னது. ஃப்ரிட்ஸிங் பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் குத்திப் பார்க்கும் பலகை) படம் வரைந்து பிள்ளைகளுக்குக் காட்ட நல்லது, அதில் 230 வோல்ட் போர்டு வரைய வேண்டாம். ஐ.ஐ.டி. பம்பாயின் ஃபாஸி குழு இசிம் என்று ஒன்றை இலவசமாகத் தருகிறது. கீகேட்டையும் என்ஜிஸ்பைஸையும் சேர்த்துக் கட்டியது, சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்து (சிமுலேட் செய்து) படிக்கும் மாணவர்களுக்கு ஆகும். ஆல்டியம், ஆர்கேட் இரண்டும் பெரிய கம்பெனிச் சமாச்சாரம். வேலைக்குப் போனால் அவர்களே வாங்கிக் கொடுப்பார்கள், இப்போது அதற்காக ஏங்க வேண்டாம். ஒரு மென்பொருளில் ரூட்டிங் (டிராக் போடும் வேலை) வந்துவிட்டால் அடுத்ததற்குப் போக இரண்டு வாரம் போதும்.

ஆட்டோரூட்டர் (தானாக டிராக் போடும் வசதி) இருக்கிறதா என்று கேட்டு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். 168 கால் போர்டை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கையாலேயே ரூட் செய்துவிடலாம். ஆசையாக இருந்தால் கீகேட்டிலிருந்து ஃப்ரீரூட்டிங் என்ற இலவச நிரலுக்கு அனுப்பிப் பாருங்கள். அது போடும் வியாக்களை (ஒரு லேயரிலிருந்து இன்னொன்றுக்கு டிராக் போகும் துளைகளை) எண்ணிப் பார்த்ததும் ஆசை தீர்ந்துவிடும்.

மென்பொருளை நிறுவுவதற்கு முன்பே ஒரு போன் செய்ய வேண்டும். போர்டு அடித்துக் கொடுக்கப் போகும் ஃபேப்ரிகேட்டருக்கு. பீன்யாவில் சின்னதும் பெரிதுமாக நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்க வேண்டியவை: என்ன கோப்பு வேண்டும், குறைந்தபட்ச டிராக் அகலமும் இடைவெளியும் எவ்வளவு, மிகச் சின்ன துளை எவ்வளவு, எத்தனை போர்டிலிருந்து எடுப்பார்கள், டூலிங் கட்டணம் (முதல் முறை தயாரிப்பு ஏற்பாட்டுக்கு வாங்குவது) தனியா. அவர்கள் கெர்பரும், துளைகளின் இடத்தைச் சொல்லும் எக்ஸலான் டிரில் கோப்பும் கேட்பார்கள். கெர்பர் என்றால் இன்று ஆர்.எஸ்.-274எக்ஸ் என்ற வடிவம். நான் மேலே சொன்ன எல்லா நல்ல மென்பொருளும் இதைக் கொடுக்கும். ஒரு மென்பொருள் கெர்பர் கொடுக்காமல் தன் சொந்தக் கடைக்கு மட்டும் அனுப்புகிறதென்றால் எவ்வளவு இலவசமானாலும் அதைத் தொடாதீர்கள்.

ஃபேப்ரிகேட்டர் சொன்ன எண்களை மென்பொருளின் டிசைன் ரூலில் முதலில் போட்டுவிட்டு அப்புறம் வரையுங்கள். அவர் எவ்வளவு நுணுக்கமாகச் செய்ய முடியும் என்று சொன்னாலும், இடமிருந்தால் நான் சிக்னல் டிராக்கை 10 மில்லுக்கு, அதாவது கால் மி.மீ.க்குக் கீழே இறக்குவதில்லை.

இவனுடைய போர்டில் மென்பொருளுக்கு உண்மையான பரீட்சை 230 வோல்ட் பக்கம்தான். ஒவ்வொரு நெட்டுக்கும் (ஒன்றோடொன்று இணையும் கால்களின் கூட்டத்துக்கும்) தனி இடைவெளி விதி போட முடிகிறதா என்று பாருங்கள். சிக்னலுக்குக் கால் மி.மீ. இடைவெளி போதும். மெயின்ஸுக்கும் (230 வோல்ட் பக்கத்துக்கும்) தொட்டிக்குள் போகும் சென்சார் ஒயருக்கும் நடுவில் நான் 8 மி.மீ. விடுவேன், ரிலேவுக்கு அடியில் போர்டு ஊடுருவ ஒரு நீளப் பிளவும் வெட்டச் சொல்வேன். அந்த ஒயர் தண்ணீரில் கிடக்கிறது, அந்தத் தண்ணீரில் மனிதர்கள் கை வைப்பார்கள். கீகேட்டில் நெட் கிளாஸ் என்று பிரித்து இதைச் சொல்லிவிடலாம், மீறினால் டி.ஆர்.சி. (விதி மீறலைத் தேடும் சோதனை) கத்தும். அப்படிக் கத்தாத மென்பொருளில் மெயின்ஸ் வரையாதீர்கள்.

டிராக் அகலத்துக்கும் அதில் ஒரு கால்குலேட்டர் இருக்கிறது. 35 மைக்ரான் காப்பர், போர்டின் வெளி லேயர், 10 டிகிரி சூடேறலாம் என்று போட்டால் 1 ஆம்பியருக்கு 0.3 மி.மீ., 5 ஆம்பியருக்கு 2.8 மி.மீ. அளவில் சொல்லும். ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போதே 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கிளம்பும்போது அதைப் போல் பல மடங்கு. எனவே நான் 5 மி.மீ. போட்டு, அதன் மேல் சால்டர் மாஸ்கை (செம்பை மூடும் பூச்சை) திறந்துவிட்டு, ஈயம் பூசச் சொல்வேன்.

இனி சோதனை. இரண்டு மென்பொருளையும் நிறுவி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாயந்திரம் கொடுங்கள். மாதிரி போர்டு எதையும் திறக்க வேண்டாம், உங்கள் போர்டிலேயே பவரும் ஒரு ரிலேயும் உள்ள மூலையை மட்டும் வரையுங்கள். அதில் ஒரு பாகமாவது லைப்ரரியில் இல்லாததாக இருக்கட்டும். கையில் இருக்கும் பாகத்தை வெர்னியரால் அளந்து நீங்களே ஃபுட்பிரிண்ட் போடுங்கள். மென்பொருளின் குணம் அங்கேதான் தெரியும். எனக்குப் புதிய ஃபுட்பிரிண்ட் போட அரை மணிக்கு மேல் பிடித்தால் அந்த மென்பொருள் எனக்கு ஆகாது. ரூட் செய்து, டி.ஆர்.சி. ஓட்டி, கெர்பர் எடுத்து, அதை வேறொரு வியூவரில் திறந்து பாருங்கள். ஜெர்ப்வி இலவசம். வரைந்த மென்பொருளிலேயே பார்த்தால் அது தன் தப்பைத் தானே மறைக்கும்.

கடைசியாக ஒன்றுக்கு ஒன்று அளவில் காகிதத்தில் அச்சடித்து, பாகங்களை அதன் மேல் குத்திப் பாருங்கள். இதைச் செய்யாமல் நான் பட்டது ஒன்றிருக்கிறது. பி.சி.547 டிரான்சிஸ்டரைத் தட்டை முகம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் கால்கள் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். பிளாஸ்டிக் உடம்பில் வரும் பி.என்.2222-ல் எமிட்டர், பேஸ், கலெக்டர். நான் ஒன்றின் சிம்பலுக்கு இன்னொன்றின் கால் வரிசையைக் கொடுத்துவிட்டேன். மென்பொருள் தப்பில்லை, சொன்னதை அது செய்தது. ஐம்பது போர்டு வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, வரிசை அப்படியே தலைகீழ் என்பதால் எல்லா டிரான்சிஸ்டரையும் திருப்பி மாட்டித் தப்பித்தேன். சில்க் ஸ்கிரீனில் (போர்டு மேல் அச்சடித்த படத்தில்) தட்டை முகம் ஒரு பக்கம், உண்மையான முகம் மறுபக்கம். வாடிக்கையாளர் பார்த்துவிட்டு இது ஏதோ புது டெக்னிக் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

போர்டு முடிந்ததும் ஒரு ஜிப் போட்டு வையுங்கள். அதில் புராஜெக்ட் கோப்பு, கெர்பர், டிரில், ஸ்கீமேட்டிக்கின் பி.டி.எஃப்., பாகப் பட்டியல், எந்தப் பதிப்பில் செய்தது என்று ஒரு வரி. கீகேட்டில் புராஜெக்டை ஜிப்பாக்க மெனுவிலேயே இருக்கிறது. பி.டி.எஃப்.பைக் கண்டிப்பாகப் போடுங்கள். இருபது வருஷம் கழித்து எந்த மென்பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது திறக்கும்.

அக்கா மகன் நாலு சாயந்திரமும் உட்கார்ந்தான். ஈஸி இ.டி.ஏ.யில் ஒன்றரை மணியில் மூலையை முடித்துவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தான். கீகேட்டில் முதல் நாள் முழுக்க முனகல்தான். மூன்றாவது நாள் கரண்ட் இருந்தும் இன்டர்நெட் போனது. அன்று முழுக்க கீகேட்டிலேயே வேலை செய்தவன், ராத்திரி சாப்பிடும்போது, "இதுலயே போட்டுடறேன் சித்தி" என்றான். காகித அச்சில் ரிலே உட்காரவில்லை. துளை 1 மி.மீ. வைத்திருந்தான், 1.3 ஆக்கச் சொன்னேன். கெர்பரை மெயிலில் அனுப்பினால் போதும் என்றாலும் நேரில் போய்ப் பார்த்தே தீருவேன் என்கிறான். அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறினால் பீன்யா. டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.